திருப்பிச் சொன்னால்தான் கணக்கு

ஜனவரி 1

இந்த டைரி சுடருக்காக வந்தது. இதில் நான் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டால்தான் கை ஓடுகிறது.

எண்ணெய்க் கடைக்காரர் அண்ணனுக்குக் கொடுத்த டைரி. "டாக்டரம்மா தெனமும் எழுதச் சொன்னாகல்ல, இந்தா, இதுல எழுது" என்று அண்ணன் என்னிடம் தந்தார். டாக்டர் எழுதச் சொன்னது ஒரே ஒரு சொல். காலையில் சுடரின் சிறுநீரில் ஒரு குச்சியை நனைத்துப் பார்க்க வேண்டும். குச்சி மஞ்சளாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் சிறுநீரில் புரதம் போகிறது என்று அர்த்தம். மூன்று நாள் தொடர்ந்து பச்சை என்றால் உடனே கிளம்பி வரச் சொல்லியிருக்கிறார்.

ஒரு பக்கத்தில் ஒரு சொல் எழுதினால் மீதிப் பக்கம் வீணாகிறது. அதனால்தான் எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

இன்று: மஞ்சள்.

ஜனவரி 2

மஞ்சள்.

சுடர் என் அண்ணன் மகள். ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. தீபாவளிக்குப் பிறகு ஒரு காலை அவள் கண் திறக்கவில்லை. தூக்கம் என்று நினைத்தோம். இமை வீங்கி மூடியிருந்தது. மதுரைக்குக் கொண்டுபோனோம். சிறுநீரகக் கோளாறு, குழந்தைகளுக்கு வருவதுதான், சரியாகிவிடும், ஆனால் மாத்திரை சில மாதம் போக வேண்டும் என்றார்கள். மாத்திரை தீரும்வரை கூட்டத்தில் விட வேண்டாம். சளி பிடித்தால் திரும்ப வந்துவிடும்.

ஆகவே பள்ளிக்கூடம் கிடையாது. தலைமையாசிரியை ஞானசுந்தரி டீச்சர் அண்ணனிடம் சொன்னாராம்: "ஏப்ரல்ல கூட்டிட்டு வாங்க. வாசிச்சு, கணக்குப் போட்டுக் காமிச்சா ஜூன்ல ரெண்டாங் கிளாஸ். இல்லாட்டி பிள்ள நல்லதுக்குத்தான் சொல்றேன், இன்னொரு வருசம் ஒண்ணாங் கிளாஸ்லயே இருக்கட்டும்."

மதினிக்கு நூல் மில்லில் ஷிப்டு. அண்ணனுக்கு வாடகைப் பாத்திரக் கடை. வீட்டில் சும்மா இருப்பது நான். போன வருடம் பி.எஸ்சி. கணக்கு முடித்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். ஏறி, இறங்கி, இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வில் "உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றார்கள். எனக்குப் பேச்சே வரவில்லை. தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

என் பெயர் பேச்சியம்மாள். சமையல் மாஸ்டர் கோட்டைச்சாமி அண்டா எடுக்க வரும்போதெல்லாம் சொல்வார்: "பேச்சின்னு பேரு வச்சுப்புட்டு இந்தப் பிள்ளைய இப்பிடி ஊமையா வளத்துருக்கியேப்பா, வேல்ச்சாமி."

ஜனவரி 5

மஞ்சள்.

பாடப் புத்தகத்தைத் திறந்தால் சுடர் மூடுகிறாள். நான் திறக்க, அவள் மூட, காலை முழுவதும் அதே வேலை. கடைசியில் விட்டுவிட்டு, வந்த கரண்டிகளைக் கழுவி அடுக்கப் போனேன். அவளும் வந்தாள்.

கடை முன்னால், வீடு பின்னால். நடுவில் பாத்திரங்கள். எங்கள் பாத்திரம் ஒவ்வொன்றிலும் "மு.வே." என்று வெட்டியிருக்கும். கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது வேறு கடைப் பாத்திரம் கலந்து வந்துவிடும், எழுத்தைப் பார்த்துத்தான் பிரிப்போம்.

"இது என்ன கோடு?" என்றாள்.

"மு. அந்தப் பக்கம் வே. முத்தையா மகன் வேல்ச்சாமி. உங்க அப்பா பேரு."

"அப்ப இது அப்பாவோடதா?"

"ஆமா. இது இல்லாதது நம்மளோடது இல்ல."

மத்தியானத்துக்குள் கலந்து வந்த மூன்று கரண்டிகளை அவளே தேடி எடுத்துவிட்டாள். எல்லாரும் அ-வில் தொடங்குகிறார்கள். சுடர் மு-வில் தொடங்கினாள். டம்ளர்களைப் பத்துப் பத்தாகச் செருகி அடுக்கச் சொன்னேன். ஒரு அடுக்கு அவள் உயரத்துக்கு வந்ததும் "அத்தை, இது எத்தன பத்து?" என்று அவளே கேட்டாள். புத்தகத்தை நான் எடுக்கவே இல்லை.

சாயங்காலம் குளிக்கும்போது தன் கை, கால், வயிறு எல்லாம் திருப்பிப் பார்த்துவிட்டு, "என் மேல ஏன் ஒண்ணும் வெட்டல?" என்றாள்.

ஜனவரி 9

மஞ்சள்.

மாத்திரையால் முகம் உருண்டுவிட்டது. கன்னம் கண்ணை மறைக்கிறது. வாசலில் இவளைப் பார்த்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் "பூசணி" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டில் கண்ணாடி இருக்கிற பக்கம் போக மாட்டேன் என்கிறாள். மதினி கண்ணாடியைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார். அவரும் பார்க்காமலேதான் பொட்டு வைத்துக்கொண்டு மில்லுக்குப் போகிறார். சில நாள் கோணலாக இருக்கிறது.

ஆனால் பாத்திரக் கடையில் முகம் பார்க்காமல் எப்படித் தப்பிப்பது? இன்று பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கினோம். பளபளவென்று வந்ததும் அதில் தன் முகத்தைப் பார்த்துவிட்டாள். உதடு நடுங்கியது. நான் என்ன செய்வது என்று தெரியாமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். குடத்தின் வயிற்றில் என் முகமும் விழுந்தது.

என்னை உற்றுப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள். மறுபடி என்னை.

"அத்தை, நீயும் மாத்திரை சாப்புடுறியா?"

அப்புறம் ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து வந்தாள். தாம்பாளத்தில் எங்கள் முகம் சரியாக இருந்தது. கரண்டியின் உட்குழியில் தலைகீழாகத் தொங்கினோம். அதன் முதுகில் நிமிர்ந்து மூக்கு மட்டும் பெருத்தோம். கல்லூரியில் இதற்கெல்லாம் படம் போட்டு மார்க் வாங்கியிருக்கிறேன். சிரித்தது இன்றுதான்.

மதினி வந்ததும் சுடர் ஓடிப்போய்க் குடத்தை நீட்டினாள். "அம்மா, உன்னையும் பூசணியாக்குறேன் வா." மதினி குடத்தில் வெகுநேரம் பார்த்தார். பொட்டைச் சரிசெய்துகொண்டார்.

ஜனவரி 15

பொங்கல். குச்சியும் மஞ்சள், பானையில் கட்டியதும் மஞ்சள்.

ஜனவரி 20

மஞ்சள்.

காலை இட்லி முடிந்ததும் சுடரும் நானும் கடை வாசலில் நிற்கிறோம். போகிற வண்டிகளின் எண்களை வாசிப்பது நல்ல பயிற்சி. எழுத்துக்கும் நல்லது.

ஒரு மஞ்சள் பஸ் தினமும் இந்த நேரத்துக்கு வந்து எதிரில் நிற்கும். கல்வியியல் கல்லூரி பஸ். சேலை கட்டிய பெண்கள், கையில் சுருட்டிய சார்ட். மாதிரிப் பாடம் எடுப்பதற்காக இருக்கும். ஒருத்தி இன்று தெர்மாகோலில் மலை மாதிரி ஒன்று செய்து, காற்றில் உடையாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஏறினாள். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சுடருக்கு நிறம் சொல்லிக்கொடுக்க அந்த பஸ் வசதியாக இருக்கிறது.

ஜனவரி 28

மஞ்சள்.

தை முகூர்த்தம். கடையில் மூச்சுவிட நேரம் இல்லை.

எங்கள் கடையில் பாத்திரம் திரும்பி வரும்போது ஒரு முறை உண்டு. லோடு ஆட்டோ பக்கத்தில் ஒருவர் நின்று ஒவ்வொன்றாக இறக்கிக் கூவ வேண்டும். உள்ளே எழுதுகிறவர் அதைக் கேட்டு, சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். திருப்பிச் சொல்லாதவரை வெளியே நிற்பவர் அடுத்ததைக் கூவ மாட்டார். மனத்தாங்கல் வராமல் இருக்க அண்ணன் வைத்த சட்டம். "திருப்பிச் சொல்லலைன்னா பாத்திரம் வரலைன்னுதான் கணக்கு" என்பார்.

நான் எப்போதும் உள்ளே எழுதுகிறவள். திருப்பிச் சொல்வதும் பக்கத்திலிருக்கிற அண்ணனுக்குக் கேட்கிற அளவுதான். அவர் அதை வாங்கித் தெருவுக்குக் கேட்கக் கத்துவார்.

இன்று கூவுகிற ஆள் வரவில்லை. ஆட்டோ நிற்கிறது, அண்ணன் போனில் இருக்கிறார். வாசலிலிருந்து ஒரு குரல்.

"அண்டா நாலூ!"

சுடர். முகத்தில் மாஸ்க், இரண்டு கையும் இடுப்பில். உள்ளே சத்தம் இல்லை என்றதும் இன்னும் ஓங்கி, "அண்டா நாலூ! யாரு உள்ள? காது கேக்கலையா?"

ஆட்டோக்காரர் சிரித்து இருமினார். "நாலு" என்றேன்.

"கேக்கல!"

"அண்டா நாலு!"

"சாம்பார் வாளி ஆறூ!"

"வாளி ஆறு!"

அத்தனை பாத்திரமும் இறங்கும்வரை ஒரு தப்பில்லை. தெருவில் என் குரலைக் கேட்கிறவர்கள் எத்தனை பேர் என்று நினைக்காமல் கத்தியிருக்கிறேன். ராத்திரி தொண்டை வலித்தது. நல்ல வலி.

பிப்ரவரி 1

மஞ்சள்.

இப்போது மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள். ஒற்றைப்படைத் தேதியில் உண்டு, இரட்டைப்படையில் இல்லை என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். ஒற்றை, இரட்டை அப்படித்தான் அவளுக்கு வந்தது. நேற்று முப்பத்தொன்று, மாத்திரை கொடுத்தேன். இன்று காலை டம்ளரில் தண்ணீரோடு போனேன்.

"நேத்துத் தின்னேன்ல."

"இன்னைக்கு ஒண்ணாந் தேதி. ஒத்தப்படை."

"முப்பத்தொண்ணும் ஒத்தப்படை, ஒண்ணும் ஒத்தப்படை. ரெண்டு ஒத்தை ஒட்டி வந்துருச்சு. ஒன் வட்டம் தப்பு."

அவள் சொன்னது சரி. இந்த மாதம் இரட்டைத் தேதிகளில் வட்டம் போட்டோம். கணக்கில் பட்டம் வாங்கியவள் நான்.

பிப்ரவரி 6

மஞ்சள்.

அண்ணன் ஒரு போட்டோ கொண்டுவந்தார். சாத்தூர்க்காரர். சொந்தமாக ஹார்டுவேர் கடை. பார்க்க நல்லவராகத்தான் இருக்கிறார். ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்களாம்.

"என்ன தாயி, பிடிச்சிருக்கா?"

நான் அரிகரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற. சரி, நல்லா யோசிச்சுக்க" என்று போட்டோவைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். அண்ணன் நல்லவர். என் கல்லூரிக்கு முதல்நாள் பைக்கில் கொண்டுபோய் விட்டு, நான் உள்ளே போனபிறகும் வெகுநேரம் வாசலில் நின்றவர். இதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது?

பிப்ரவரி 11

பச்சை.

நேற்றிலிருந்து சுடருக்கு இருமல். குச்சியை அதன் பெட்டியில் போட்டிருக்கும் நிறத்தோடு மூன்று முறை ஒத்துப் பார்த்தோம்.

பிப்ரவரி 12

பச்சை. நேற்றைவிட வெளிறியிருக்கிறதோ என்றேன். மதினி இல்லை என்றார்.

அண்ணன் யாரையும் திட்டவில்லை. வாசலில் கூவ விட்டது நான். லோடு இறக்க வந்தவர்களில் யாருக்கோ சளி இருந்திருக்கும். இன்று சோற்றில் உப்பு போடவில்லை. சுடர் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "திரும்ப ஆஸ்பத்திரியா?" என்றாள். நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பிள்ளையிடம் பொய் சொல்லாமல் இருக்க அதுதான் வழி.

பிப்ரவரி 13

மஞ்சள்.

மஞ்சள், மஞ்சள். அண்ணன் வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தார். மதினி ஷிப்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார், எழுந்து அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

பிப்ரவரி 24

மஞ்சள். பன்னிரண்டு நாளாக.

இருமல் போய்விட்டது. டாக்டர் போனிலேயே, பயப்பட வேண்டாம், ஆனால் கூட்டம் வேண்டாம் என்றார். ஆகவே லோடு வரும்போது சுடருக்கு வாசல் கிடையாது. அழுதாள். அதனால் வீட்டுக்குள் ஒரு கடை வைத்தோம். முற்றம்தான் தெரு. நான் அடுப்படியில் இருந்து எழுதுகிறவள். அவள் முற்றத்தில் நின்று, அங்கே இருப்பதையெல்லாம் வாசித்துக் கூவ வேண்டும். அரிசி மூட்டையில் இருக்கிறது, தீப்பெட்டியில் இருக்கிறது, காலண்டரில் இருக்கிறது.

"பொன்னி!"

"பொன்னி!"

"புழுங்கல்!"

"புழுங்கல்!"

மெதுவாகப் புத்தகத்தையும் முற்றத்தில் ஒரு கயிற்றுக் கட்டிலில் விரித்து வைத்தேன். அதுவும் ஒரு சரக்கு என்று நினைத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் திருப்பிச் சொன்னால் அடுத்த சொல். இல்லாவிட்டால் நகர மாட்டாள். குக்கர் விசில் அடிக்கும்போது என் குரல் கேட்கவில்லை என்றால் அங்கேயே நிற்பாள், விசில் அடங்கட்டும் என்று.

மார்ச் 3

மஞ்சள்.

இன்று காலை மதினிக்கு விடுமுறை, எங்களோடு வாசலில் நின்றார். பஸ் வந்தது. சுடர் அதன் பக்கவாட்டைப் பார்த்து ஒரே மூச்சில், "கல்வியியல் கல்லூரி!" என்றாள்.

மதினி ஆச்சரியப்பட்டுப் போனார். "அடி ஆத்தி! நானே எழுத்துக் கூட்டித்தான் படிக்கணும். இவ்வளவு பெரிய வார்த்த இவளுக்கு எப்பிடி வந்துச்சு?"

"தெரியல மதினி. தானா வந்திருக்கும்."

"தெனம் இங்கதான நிக்குறோம்" என்றாள் சுடர். "அந்த பஸ் போற வரைக்கும் அத்தை உள்ள வர மாட்டா."

மதினி என்னைப் பார்த்தார். நான் ஒரு லாரியின் எண்ணை வாசித்தேன்.

மார்ச் 20

மஞ்சள். கடைசி மாத்திரை. காலண்டரில் கடைசி வட்டத்தைச் சுடரே போட்டாள்.

இனி பள்ளிக்கூடம் போகலாம் என்றார் டாக்டர். மதினி வரும் வழியில் லட்டு வாங்கினார். சுடர் லட்டை வாங்கிக்கொண்டு, "பள்ளிக்கூடம் போக மாட்டேன்" என்றாள்.

"ஏம்மா?"

"அத்தையே பள்ளிக்கூடந்தான். எங்கயும் போக வேணாம்ல, அத்தை?"

ஆமாம் என்ற சொல் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. எனக்கும் இந்த வீட்டுக்குள் ஒரு பள்ளிக்கூடம் போதும் என்றுதான் இருக்கிறது. இங்கே யாரும் "உங்களப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்பதில்லை. ஆனால் எனக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக ஒரு பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது.

ஏப்ரல் 2

மஞ்சள்.

முகம் வடிந்து வருகிறது. மதினி கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிட்டார். எங்கள் தெருவே கெஞ்சிப் பார்த்துவிட்டது, பள்ளிக்கூடம் என்றால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். கோட்டைச்சாமி மாஸ்டர் மிட்டாய் காட்டிப் பார்த்தார், மிட்டாய் மட்டும் போனது.

ராத்திரி சாப்பிடும்போது எனக்கு ஒன்று தோன்றியது. "ஒங்க பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்குற அண்டா எம்புட்டுப் பெருசு இருக்கும்?" என்றேன்.

"ரொம்பப் பெருசு."

"அதுல யாரு பேரு வெட்டியிருக்கு?"

சோற்றில் கை நின்றுவிட்டது. பள்ளிக்குப் போன நாளில் அவளுக்கு எழுத்துத் தெரியாது, இன்றைக்குத் தெரியும். போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

ஏப்ரல் 10

மஞ்சள். இன்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

மதினிக்கு ஷிப்டு மாற்ற முடியவில்லை. அண்ணனுக்குத் திருமங்கலத்தில் ஒரு பந்தல் வேலை. ஆகவே சுடரைப் பள்ளிக்கு நான் தனியாகக் கூட்டிப் போனேன். அவள் முதலில் சமையற்கட்டுக்கு ஓடினாள். அண்டாவைச் சுற்றி வந்து, "பள்ளி பேருதான் வெட்டியிருக்கு" என்று திருப்தியோடு சொன்னாள்.

தலைமையாசிரியை அறைக்கு வெளியே நடைக்கூடம் முழுவதும் பெற்றோர்கள். ஏதோ கூட்டம். ஞானசுந்தரி டீச்சரும் இன்னும் இரண்டு டீச்சர்களும் உள்ளே இருந்தார்கள்.

"நீ வெளிய நில்லும்மா. ஒன் மொகத்தப் பாத்துப் பாத்துச் சொல்லும்" என்றார் டீச்சர்.

கதவு திறந்தே இருந்தது. நடைக்கூடத்துச் சுவரோரம் ஒதுங்கி நின்றேன். சுடர் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. அணிலைப் பற்றிய பாடம். நாங்கள் படிக்காத பக்கம்.

"அணில்!" என்றாள். பாத்திரம் இறக்குகிற குரல். ஒரு டீச்சர் திடுக்கிட்டுச் சிரித்தது கேட்டது.

பிறகு ஒன்றும் இல்லை.

"ம், மேல படி" என்றார் டீச்சர்.

ஒன்றும் இல்லை.

"அடுத்த வார்த்த என்னம்மா? பயப்படாத."

"அணில்!" என்றாள் மறுபடி, இன்னும் ஓங்கி.

"அது சரி. அதுக்கு அடுத்தது?"

ஒரு டீச்சர் தணிந்த குரலில், "மொத வார்த்த மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பாங்க போல" என்றார். நாற்காலி இழுக்கும் சத்தம். "சரி கண்ணு, புத்தகத்தக் குடு" என்றார் ஞானசுந்தரி டீச்சர்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவள் காத்திருக்கிறாள். உள்ளே யாரும் திருப்பிச் சொல்லவில்லை. அணில் இன்னும் கணக்கில் ஏறவில்லை. ஏறாமல் அடுத்ததை எப்படி இறக்குவாள்? வாசிப்பது என்றால் அப்படித்தான் என்று நினைக்கும்படி பழக்கியது நான்தான்.

உள்ளே போய் விவரம் சொல்லியிருக்கலாம். அதற்கு வாக்கியம் வேண்டும். என்னிடம் வாக்கியம் இல்லை. நடைக்கூடத்தில் அத்தனை பேர். புத்தகம் கை மாறுகிற சத்தம் கேட்டது.

"அணில்!" என்று கத்தினேன்.

எல்லாத் தலையும் திரும்பியது. ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்தது.

உள்ளேயிருந்து உடனே பதில். "மரத்தில்!"

"மரத்தில்!"

"ஏறியது!"

"ஏறியது!"

"கொய்யாவைக்!"

"கொய்யாவைக்!"

"கொறித்தது!"

பக்கம் முடியும்வரை போனோம். கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொன்னபோது என்னோடு இன்னும் இரண்டு மூன்று பெற்றோர்களும் சேர்ந்து சொன்னார்கள், என்ன ஏது என்று தெரியாமலே.

ஞானசுந்தரி டீச்சர் வாசலுக்கு வந்தார். "என்னம்மா இது கூத்து?"

சொன்னேன். பாத்திரக் கடை, லோடு ஆட்டோ, அண்ணன் சட்டம், முற்றம், குக்கர் விசில் எல்லாம். என் வாயிலிருந்து அவ்வளவு சொற்கள் வந்து நான் கேட்டதில்லை. டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். பிறகு உள்ளே போய், "சரி தாயி, கணக்குக்கு நான் திருப்பிச் சொல்றேன். சத்தமாச் சொல்லணுமா?" என்று கேட்டார். "தெருவுக்குக் கேக்கணும்" என்றாள் சுடர்.

கணக்கும் முடிந்தது. "ரெண்டாங் கிளாஸ்தான்" என்றார் டீச்சர். "அங்க இவ கூவுனா வகுப்பே திருப்பிச் சொல்லும். மனசுக்குள்ள வாசிக்கவும் கொஞ்சம் பழக்கிவிடு." கிளம்பும்போது என்னைப் பார்த்து, "நீ என்ன படிச்சிருக்க?"

"பி.எஸ்சி. கணக்கு, டீச்சர்."

"பி.எட்.?"

"இல்ல டீச்சர்."

"ஏன்?"

சுடரின் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். பையில் ஒன்றுமே இல்லை, ஆனால் மாட்ட வெகுநேரம் பிடித்தது.

ஏப்ரல் 14

மஞ்சள்.

அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பேச்சி, ஒனக்கு என்ன வேணும் சொல்லு. என்ன வேணாலும் கேளு. பட்டுச் சேலை எடுப்பமா?"

"ஒண்ணும் வேண்டாம்ண்ணே."

மதினி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் வெளியே போனதும், தலை நிமிராமலே, "ஆக, அந்த பஸ்ஸப் பத்தி ஒங்க அண்ணன்கிட்ட நீ சொல்லப் போறதில்ல" என்றார்.

"எந்த பஸ், மதினி?"

"சரித்தான். எம்மக நடுத்தெருவுல நின்னு கத்துறா. நீ?"

"நீங்க ஒரு வார்த்த சொன்னா..."

"நான் சொன்னா அது என் ஆசையாப் போயிரும், பேச்சி. ஒன் ஆசைய நீதான் எறக்கணும்." நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் தள்ளினார். "ஞாயித்துக்கெழம சாத்தூருக்குப் போன் போட்டுச் சரின்னு சொல்லப்போறாரு. அதையும் சொல்லிட்டேன்."

ஏப்ரல் 19

மஞ்சள்.

அண்ணன் திருப்பிச் சொல்லிவிட்டார். முதலில் அதை எழுதிவிடுகிறேன். திருப்பிச் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது. எதிர் டீக்கடையில் ஒரு ஈடு வடை வெந்து வெளியே வந்துவிட்டது. சுடர்தான் உள்ளே ஓடி, "அப்பா, திருப்பிச் சொல்லுங்க. இல்லாட்டி அத்தை அங்கயேதான் நிப்பா" என்றாள். சொன்னார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. ஆனால் ஒரு சொல்லையும் விடவில்லை. தெருவுக்குக் கேட்டது. இப்போது சாமி படத்துக்குப் பின்னால் போட்டோ இல்லை. சாத்தூருக்குப் பக்குவமாகச் சொல்லித் திருப்பி அனுப்பிக்கொள்கிறேன் என்று எடுத்துவைத்திருக்கிறார்.

நடந்தது இதுதான். மத்தியானம் ஒரு வளைகாப்பு வீட்டுப் பாத்திரங்கள் வந்தன. அண்ணன் போனை மேசைமேல் வைத்துக்கொண்டு, "இத எறக்கிட்டுச் சாத்தூருக்குப் பேசிரலாமா தாயி? நீ இத்தன நாளும் ஒண்ணும் சொல்லல. அப்ப சம்மதம்னுதான அர்த்தம்?" என்றார்.

திருப்பிச் சொல்லாதது வரவில்லை என்றுதான் கணக்கு, அது அண்ணன் போட்ட சட்டம். இதை வாயால் சொல்ல வரவில்லை. வேறொன்று வந்தது.

"அண்ணே, இன்னைக்கு நீங்க உள்ள உக்காந்து எழுதுங்க. நான் கூவுறேன்."

"நீயா?"

"நானும்" என்று சுடர் எனக்கு முன்னால் வாசலுக்குப் போய்விட்டாள்.

ஆட்டோ பக்கத்தில் நின்றேன். டீக்கடையில் கோட்டைச்சாமி மாஸ்டர் டம்ளரோடு திரும்பி உட்கார்ந்தார். மதினி ஷிப்டு முடிந்து அப்போதுதான் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார். முதல் அண்டாவைக் கூவியபோது என் குரல் எனக்கே யாரோ போல இருந்தது. உள்ளேயிருந்து அண்ணன் திருப்பிச் சொன்னார். வாளி, தாம்பாளம், ஜல்லிக்கரண்டி, டம்ளர் பத்துப் பத்தாக. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது என்கிற தைரியம் ஏறிக்கொண்டே போனது.

வண்டி காலியானது.

"அம்புட்டுத்தானா, பேச்சி?" என்றார் அண்ணன் உள்ளேயிருந்து.

சுடர் என் கையைப் பிடித்தாள். வெயிலில் அவள் முகத்தைப் பார்த்தேன், வீக்கம் முழுவதும் வடிந்திருந்தது. மதினி கடை வாசலுக்கு வந்துவிட்டார், ஆனால் உள்ளே போகாமல் நின்றார்.

"இல்லண்ணே, இன்னும் ஒண்ணு இருக்கு!"

"சொல்லு, எழுதிக்கிறேன்!"

மூச்சை இழுத்துக்கொண்டேன். இதுதான் நான் கூவியது:

"பி.எட். ஒண்ணூ! ரெண்டு வருசம்! கல்யாணம் அதுக்குப் பெறகு! என்னைய அந்த மஞ்சள் பஸ்ஸுல ஏத்தி விடுங்கண்ணே!"